பால்மரம் வெட்டிய கை படைக்கலம் ஏந்தியது

பெண்ணுக்கு அழகு மென்மை என்றும், படைக்கலம் ஆணுக்கே உரியது என்றும் நெடுங்காலமாக ஓதப்பட்டு வருகின்றது. அவ்வாறு ஓதுவோர் யாரை நினைந்து ஓதுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிழலில் வளர்ந்து பணியாளர் சூழ வாழ்ந்த பெண்ணையே அவர் நினைக்கின்றனர். விடியுமுன் எழுந்து, பனியிலும் மழையிலும் மலைச்சரிவில் நின்று, முதுகிற் சுமையோடும் காலில் அட்டைக்கடியோடும் உழைக்கும் பெண் அவர் நினைவில் ஒரு நாளும் தோன்றியதில்லை. மென்மையள் என்று சொல்லி அவளை எவரும் வேலையினின்று விடுவித்ததும் இல்லை. சுமைக்கு வலியள், படைக்கு மெலியள் என்னும் இம்முரண்பாட்டை ஆண்களும் உணரவில்லை. அவர் எழுதிய வரலாறும் உணரவில்லை.

நீலமலையில் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்குச் சென்றோர் இம்முரண்பாட்டைக் கண்ணாரக் காணலாம். ஒரு புறம் படைவீடு. அங்கே மதராசுப் படைப்பிரிவின் இளைஞர் பயிற்சி பெறுகின்றனர். சூழ்ந்துள்ள சரிவுகளில் தேயிலைத் தோட்டம். அங்கே பெண்கள் கொழுந்து எடுக்கின்றனர். படைத்தொழில் வேறு, தோட்டத்தொழில் வேறு. முன்னது ஆணுக்கு, பின்னது பெண்ணுக்கு. இதுவே இயற்கை என்று காண்போர் எண்ணிச் செல்வர். ஆயின், இவ்விரு தொழிலும் ஒரே பெண்ணின் கையில் வந்து சேர்ந்த காலம் ஒன்று தமிழர் வரலாற்றில் உண்டு. அது நீலமலையில் நிகழவில்லை. கடலுக்கு அப்பால், மலையா நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் நிகழ்ந்தது.

நீலமலைத் தோட்டப் பெண்ணும் மலையாத் தோட்டப் பெண்ணும் வேறு வேறு குலத்தினர் அல்லர். வெள்ளையர் நீலமலையிலும் இலங்கையிலும் காப்பியும் தேயிலையும் பயிரிட்டபோதும், பின்னர் மலையாவில் இரப்பர் பயிரிட்டபோதும், காடு திருத்தியதும் தோட்டம் ஆக்கியதும் பெரும்பாலும் தமிழர் கையே. கங்காணி ஊர்தோறும் சென்று வறியோரைத் திரட்டினான். 'லயம்' என்றும் 'லைன்' என்றும் வழங்கும் வரிசை வீடுகளில் அவர் அடைக்கப்பட்டனர். மூன்று நாட்டிலும் 'கூலி' என்னும் ஒரே பெயரே அவர்க்கு வழங்கிற்று. இலங்கை மலைநாட்டுத் தமிழருள் ஐந்தேகால் இலக்கம் பேரைத் திரும்ப ஏற்பதாக 1964ஆம் ஆண்டு சாத்திரி–சிறிமாவோ உடன்பாடு செய்யப்பட்டது. அவ்வாறு வந்தோர்க்கு வேலையளிக்க 1968ஆம் ஆண்டு தமிழக அரசு நீலமலையில் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. அதுவே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் கொழுந்து எடுப்போருள் பலர் அவர்தம் வழியினர். ஆகலின், மலையாப் பெண்ணின் வரலாறு நீலமலைப் பெண்ணுக்கு அயலார் வரலாறு அன்று, உடன்பிறந்தாள் வரலாறு.

அவ்வரலாறு போர்க்களத்தில் தொடங்கவில்லை. கூலிப் பட்டியலில் தொடங்குகின்றது. மலையாவில் பால்மரம் வெட்டும் ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அக்கூலிக்கு மேல் அவள் பட்ட இழிவுக்கு அளவில்லை. 1941ஆம் ஆண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டும் அவர் கேட்கவில்லை. துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் இழிவழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். தோட்டத்து மேலாளரும் பணியாளரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிறுத்தப்பட வேண்டும் என்பதும் அவர் வேண்டுகைகளுள் ஒன்று. வெள்ளை அரசு படையை ஏவி அப்போராட்டத்தை அடக்கியது. அடுத்த ஆண்டு பிப்பிரவரித் திங்களில் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. வெல்ல இயலாதவன் என்று அஞ்சப்பட்ட துரை தலைகுனிந்து சிறை புகுந்ததைத் தோட்டப் பெண்கள் தம் கண்ணாற் கண்டனர்.

இந்நிலையிலேதான் 1943ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சுபாசு சந்திர போசு சிங்கப்பூருக்கு வந்தார். இந்தியத் தேசியப் படையில் பெண்கள் தனிப் படையாகத் திரள வேண்டும் என்று அறைகூவினார். அறைகூவலைச் செயலாக்கியவர் மருத்துவர் இலக்குமி சாமிநாதன். 1914ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். 1940ஆம் ஆண்டு சிங்கப்பூர் சென்று மருத்துவப் பணி ஆற்றியவர். அவர் சூலை 12ஆம் நாள் இருபது பெண்களைத் துமுக்கி ஏந்தி நிற்கச் செய்து போசுக்கு அணிவகுப்பு மதிப்பளித்தார். அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பெண்கள் பயிற்சிப் பாசறை திறக்கப்பட்டது. 'சான்சி அரசி படை' என்று அப்படைக்குப் பெயர் சூட்டப்பட்டது. அதிற் சேர்ந்தோருள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். எழுத்தறியாதோர் பலர். சான்சி எங்குள்ளது என்று அறியாதோரும் அவருள் இருந்திருப்பர்.

அப்பெண்கள் எவ்வெவ் வேலிகளைத் தாண்டினர் என்பதை எண்ணிப் பார்க்க. காக்கிக் காற்சட்டை அணிந்தனர். பலர் கூந்தலைக் கத்தரித்தனர். கூந்தல் களைதல் கைம்மைக்கு அடையாளமாக இருந்த குமுகாயத்தில், கன்னிப் பெண்ணொருத்தி தானே விரும்பித் தன் கூந்தலைக் களைவது சிறு செயல் அன்று. சாதி பாராது ஒரே கொட்டிலில் உறங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். துமுக்கி சுடவும், ஈட்டிமுனை கொண்டு தாக்கவும், எறிகுண்டு வீசவும், நிலப்படம் பார்த்து வழியறியவும் கற்றனர். இத்துணையும் செய்ய வந்த பெண், படையிற் சேரத் தந்தையின் அல்லது கணவனின் இசைவைப் பெற வேண்டியிருந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. நாட்டின் விடுதலைக்கு உயிர் தர முன்வந்தவளுக்குத் தன் உயிரின் மேல் தனக்கே உரிமையில்லை. இதுவே அக்கால நிலை.

கோலாலம்பூர்ச் செல்வக் குடும்பத்துப் பெண்ணான சானகி தேவர் போசின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே தம் காதணிகளைக் கழற்றித் தந்தார். வீட்டார் எதிர்ப்பை வென்று படையிற் சேர்ந்தார். அப்போது அவர்க்கு அகவை இருபதும் நிரம்பவில்லை. தோட்டப் பெண்ணுக்குக் கழற்றித் தரக் காதணி இல்லை. அவள் தன்னையே தந்தாள்.

இரங்கூனில் அப்படையின் பாசறை அமைந்தது. மேம்யோவில் காயமுற்ற படைஞர்க்கு அவர் மருத்துவப் பணி ஆற்றினர். 1944ஆம் ஆண்டு இம்பால் முற்றுகை முறிந்ததால், போர்முனைக்குச் செல்ல அவர் காத்திருந்தது வீணாயிற்று. 1945ஆம் ஆண்டு பின்வாங்கும் போது, மகளிர் சென்ற தொடர்வண்டியின் மீது நடந்த தாக்குதலில் இசுடெல்லா, சோசபீன் என்னும் இருவர் உயிர் நீத்தனர். ஏப்பிரல் 24ஆம் நாள் இரங்கூனை விட்டுப் புறப்பட்ட போசோடு சானகி தேவரும் மகளிர் படையினரும், பகலில் வானூர்திக் குண்டுக்கு ஒளிந்தும் இரவில் சேற்றிலும் ஆற்றிலும் நடந்தும், ஏறத்தாழ மூன்று கிழமைக்குப் பின் பாங்காக்கை அடைந்தனர்.

இவ்விடத்து இரு தடை எழுப்புவோர் உளர். போர்முனையிற் பொருதாதார் எவ்வாறு படைஞர் ஆவர் என்பது முதல் தடை. போர்முனைக்கு அனுப்புக என்று கேட்டு நின்றோர் அவரே. அனுப்பாமை அவர் குறை அன்று. பயிற்சி பெற்று, ஆணைக்குக் காத்து நின்று, தாக்குதலில் மடிந்த ஆண்மகனைப் படைஞன் அல்லன் என்று எவரும் கூறார். பெண்ணுக்கு மட்டும் வேறு அளவுகோல் எற்றுக்கு?

இரண்டாம் தடை கடியது. அதை நேர்நின்று எதிர்கொள்ளல் வேண்டும். போசு துணைகொண்ட சப்பானியரே மலையாத் தோட்டத் தமிழரைப் பல்லாயிரக் கணக்கில் பிடித்துச் சென்று, ஏறத்தாழ 415 கி.மீ. நீளமுள்ள சயாம்–பர்மாத் தொடர்வண்டிப் பாதையை அமைக்கச் செய்தனர். பசியாலும் கழிச்சல் நோயாலும் அடியாலும் காட்டில் மடிந்தோர் பல்லாயிரவர். அப்பாதையின் இரு முனையும் இணைந்த நாள் 1943 அக்டோபர் 17. அதற்கு ஐந்தே நாள் கழித்துத்தான் சிங்கப்பூரில் பெண்கள் பாசறை திறக்கப்பட்டது. ஒரே தோட்டத்தில் ஆண்மகன் சயாமுக்கு இழுத்துச் செல்லப்பட, பெண்மகள் படைக்குச் சென்றாள். இக்கொடிய உண்மையை மறைத்து எழுதும் புகழ்மாலை வரலாறு ஆகாது. ஆயினும் அக்குற்றம் அப்பெண்களுடையது அன்று. ஒரு புறம் வெள்ளைத் துரை, மறு புறம் சப்பானியன். இருவரும் அவளைக் கேட்டு ஆட்சி செய்யவில்லை. தோட்டத்திற் பசியும் அச்சமும் மிஞ்சியிருந்த காலத்தில், தலைநிமிர்ந்து நிற்கும் இடமாக அவளுக்குக் கிடைத்தது அப்படை ஒன்றே. 'கூலி' என்று விளிக்கப்பட்டவள் அங்கே முதன்முறையாகத் தன் பெயரால் அழைக்கப்பட்டாள். அவள் வென்ற முதற் போர் அதுவே.

படைமகளிர் ஒருபுறமிருக்க, ஒற்று வேலையிற் புகுந்த பெண்களும் உளர். இரங்கூனிற் பிறந்து பின்னர்ச் சென்னையில் வாழ்ந்து 2018ஆம் ஆண்டு மறைந்த சரசுவதி இராசாமணி, தம் இளமையில் ஆண்பிள்ளைபோல் உடையுடுத்து, 'மணி' என்னும் பெயரோடு வெள்ளையர் படைமுகாமிற் புகுந்து செய்தி திரட்டியதாகவும், பிடிபட்ட தோழியை மீட்கச் சென்றபோது காலிற் குண்டு பாய்ந்ததாகவும் தாமே சொல்லியிருக்கின்றார். ஆவணம் எங்கே என்று ஆராய்வோர் கேட்பர், கேட்டலும் முறையே. ஆயின் ஆவணம் யார்க்கு உண்டாகும் என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத்து கான், பிரித்தானியர்க்காக 1943ஆம் ஆண்டு பாரிசு நகரில் கம்பியில்லாச் செய்திக் கருவியோடு ஒற்று வேலை செய்தார். செருமானியரிடம் பிடிபட்டு, 1944 செப்டம்பரில் தாக்காவு முகாமிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்க்குக் கோப்பு உண்டு. 1949ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட உயர்ந்த விருது உண்டு. இலண்டனில் சிலையும் உண்டு. அவர் மறம் அத்துணைக்கும் தகுதி உடையதே. ஆயின் வென்ற அரசின் ஒற்றுக்குக் கோப்பு இருக்கும். தோற்ற படையின் ஒற்றுக்கு அவள் வாய்ச்சொல் ஒன்றே எஞ்சும். வாய்ச்சொல்லை அப்படியே ஏற்பதும் பிழை. அதைக் கேளாமலே தள்ளுவதும் பிழை. காலத்தே கேட்டு, எழுதி, ஒப்பிட்டு ஆராய்வதே முறை.

அவ்வாறு கேட்கப்பட்டதா? சான்சி அரசி படையில் இருந்தோர் எத்துணையர் என்பதற்கே இன்றும் ஒத்த கணக்கு இல்லை. ஆயிரத்துக்கு மேல் என்பார் உளர். ஐந்நூற்றுக்கு உட்பட்டவரே என்று கணிக்கும் ஆய்வாளரும் உளர். செங்கோட்டை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்தப்பட்ட மூவரும் ஆடவர். மகளிரைக் குற்றஞ்சாட்டுதற்குரிய படைஞராகக்கூட வெள்ளை அரசு மதிக்கவில்லை. தலைவியர் சிலரின் பெயர் நிலைத்தது. இலக்குமி 2002ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். 2012ஆம் ஆண்டு கான்பூரில் மறைந்தார். சானகி மலேசியாவில் மேலவை உறுப்பினர் ஆனார். 2014ஆம் ஆண்டு மறைந்தார். மற்றையோர் பால்மரத்துக்கே திரும்பினர். கத்தரித்த கூந்தல் வளர்ந்தது, கதை மறைந்தது. உயிரோடு எஞ்சிய படைமகளிரைத் தேடிக் கண்டு உரையாடி, 2016ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதியவர் வேரா இல்தபிராண்டு என்னும் அயல்நாட்டுப் பெண்மணி. அவர்க்குத் தமிழர் கடமைப்பட்டுள்ளனர். ஆயின் அப்பணி தமிழில், அப்பெண்கள் பேசிய மொழியிலேயே, ஐம்பது ஆண்டுக்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். உருசிய நாட்டில் போரிட்ட பெண்கள் இலக்கக் கணக்கினர். அவரும் போருக்குப் பின் வாய்மூடி வாழ நேர்ந்தது. சுவெத்லானா அலெக்சியேவிச்சு நூற்றுக்கணக்கானோரை வீடு தேடிச் சென்று கேட்டு 1985ஆம் ஆண்டு நூலாக்கிய பின்னரே உலகம் அவர் குரலைக் கேட்டது.

இம்மறதிக்கு அயலாரை மட்டும் குறை கூறுதல் நேர்மை ஆகாது. படைக்குப் பெயரிட்டோர் வடபுலத்து அரசியின் பெயரை இட்டனர். 1858ஆம் ஆண்டு களத்தில் மாய்ந்த அவ்வரசி போற்றுதற்குரியர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே, 1772ஆம் ஆண்டு காளையார்கோயிலில் கணவனை இழந்து, எட்டாண்டு மறைந்து வாழ்ந்து, ஐதர் அலியின் துணையோடு 1780ஆம் ஆண்டு சிவகங்கையை மீட்ட வேலுநாச்சியாரை அப்பெயரிட்டோர் அறிந்திருக்க வழியில்லை. தமிழரே அவரை அறிவிக்கவில்லை அன்றோ? இந்திய அரசு அவர்க்கு அஞ்சல்தலை வெளியிட்டதே 2008ஆம் ஆண்டில்தான். அவர் படையிற் பெண்கள் இருந்தனர் என்பதும், குயிலி என்பாள் தன்னையே தீயாக்கினாள் என்பதும் மக்கள் வாய்மொழியாய் வழங்கி வருகின்றன. தமிழ் பேசிய பெண்கள், தமிழரல்லாத அரசியின் பெயரால், இந்துத்தானி மொழி ஆணைக்குக் கால் பெயர்த்து நடந்தனர். அவர் மறத்துக்கு அதனாற் குறைவில்லை. அவரை மறந்த இனத்துக்கே குறைவு.

இன்னும் ஆழ்ந்து நோக்கின், தமிழர் மறம் பாடிய மரபிலேயே ஒரு குறை தென்படும். புறப்பாடல்களில் மூதின்முல்லை என்னும் துறை உண்டு. மகனைப் போருக்கு விடுத்த தாயின் மறத்தை அது பாடும். ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டு அத்துறைக்குத் தலைசிறந்த சான்று. அத்தாயைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. ஆயின் அவள் மறம் மகனால் அளக்கப்படுகின்றது. அவள் வாயிலில் நிற்கின்றாள், மகன் களத்தில் நிற்கின்றான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் போரை மொழியால் நேர்கொண்டவர். அவரும் படைக்கலம் ஏந்தினார் அல்லர். மகனை விடுத்தவளைப் பாடிய வாய், தானே சென்றவளைப் பாடச் சொல்லின்றி நின்றது. 'வீராங்கனை' என்னும் வடசொல்லை இரவல் வாங்கியதும் அதனாலேயே. 'மறத்தி' என்னும் நல்ல தமிழ்ச்சொல் சாதிப்பெயராய்ச் சுருங்கிற்று. 'படைமகள்' என்று சொல்ல யார் தடுத்தது? சொல் இல்லாத இடத்தில் நினைவும் நில்லாது.

பழங்கதை பேசி ஆவதென்ன என்பார்க்கு அண்மைச் செய்தி ஒன்று விடை கூறும். 2020ஆம் ஆண்டு பிப்பிரவரி 17ஆம் நாள், படைத்துறைப் பெண் அலுவலர்க்கு நிலையான பணியுரிமை வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் அரசு முன்வைத்த வாதம் யாது? சிற்றூர்களிலிருந்து வரும் ஆண் படைஞர் பெண்ணின் ஆணையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்பது. மன்றம் அதனை ஏற்கவில்லை. தோட்டத்துப் பெண் ஆணையிடவும் ஆணை ஏற்கவும் கற்று எழுபத்தேழு ஆண்டு கழிந்த பின்னரும், அதே ஐயம் அரசின் வாயிலிருந்து வருகின்றது! 2022ஆம் ஆண்டுதான் தரைப்படைப் பெண் அலுவலர் அறுவர் முதன்முறையாக உயர்பயிற்சித் தேர்வில் தேறினர். அவருட் சிலர்க்கு இடம் கிடைத்த கல்லூரி வெலிங்டனில் உள்ளது. வரலாறு அறிந்திருப்பின் அது புதுமையாகத் தோன்றியிராது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதாகவே தோன்றியிருக்கும்.

ஆகவே தமிழர் செய்யத்தக்கன சில உள. 1943இல் பதினெட்டு அகவையினளாக இருந்தவள் இன்று நூறு அகவையைத் தொட்டிருப்பாள். அவளை நேரிற் கேட்கும் காலம் ஏறத்தாழக் கடந்துவிட்டது. ஆயின் அவள் மகளும் பெயர்த்தியும் உளர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உளர். பர்மாவிலிருந்து திரும்பித் தமிழகத்திற் குடியேறிய குடும்பங்களிலும் இருக்கலாம். பெட்டியடியிற் கிடக்கும் ஒளிப்படமும், பாட்டி சொன்ன ஊர்ப்பெயரும், தோட்டப் பெயரும் தேடித் திரட்டப்படல் வேண்டும். பெயர் பெயராகப் பட்டியல் ஒன்று தமிழில் வெளிவருதல் வேண்டும். பாடநூலிற் சான்சி அரசி படை பற்றி ஒரு வரி வருமாயின், அப்படையிற் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழ்ப் பெண்கள் என்பதும் அவ்வரியிலேயே வருதல் வேண்டும். தேயிலைத் தோட்டப் பள்ளியில் அமர்ந்து படிக்கும் சிறுமி, தாய் தூக்கும் கூடையைக் கண்டு நாணாமல், தாயின் உடன்பிறந்தாள் துமுக்கி ஏந்தியவள் என்று சொல்லி நிமிர்தல் வேண்டும்.

போர் நல்லது என்று எவரும் சொல்லார். படைக்கலம் ஏந்தினாற்றான் பெண் உயர்வாள் என்பதும் இல்லை. அவள் எத்தொழிலுக்கும் உரியவள் என்பதே அப்படைமகளிர் நாட்டிய உண்மை. அவ்வுண்மை பாசறையோடு நின்றுவிடுவது அன்று. இன்றும் தோட்டத்திற் கொழுந்து எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்வைக் கோல் பெரும்பாலும் ஆண் கையில். ஐம்பது காசுக்கும் நாற்பது காசுக்கும் இடைப்பட்ட அந்தப் பத்துக் காசு வேறு வேறு உருவில் இன்னும் வாழ்கின்றது. அதை ஒழிக்கும் நாளே இசுடெல்லாவுக்கும் சோசபீனுக்கும் பெயரறியாத நூற்றுக்கணக்கான தோட்டத் தமிழ்ப் பெண்களுக்கும் உண்மையான நடுகல் நாட்டும் நாள். அந்நாளைத் தமிழர் விரைந்து கொணர்க!